கார்வெட் காரின் கியர் விகிதங்கள்: இழுவைக்கும் ஓட்டத்துக்கும் இடையே எழுபது ஆண்டுகள்

முன்னுரை

கார்வெட் என்பது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த செவ்ரோலெட் பிரிவு 1953ஆம் ஆண்டு முதல் தயாரித்துவரும் ஸ்போர்ட்ஸ் கார் ஆகும். வேகமான கார்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில் கேட்பது எஞ்சினின் குதிரைத்திறனைத்தான். ஆனால் ஒரே எஞ்சின் பொருத்திய இரண்டு கார்கள் சாலையில் முற்றிலும் வேறு வேறு விதமாக ஓடக்கூடும். ஒன்று நின்ற இடத்திலிருந்து பாய்ந்து புறப்படும். ஆனால் நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறும். மற்றொன்று மெதுவாகப் புறப்படும். ஆனால் நெடுந்தொலைவை அமைதியாகவும் குறைந்த பெட்ரோலிலும் கடக்கும். இந்த வேறுபாட்டை உண்டாக்குபவை கியர்பாக்ஸில் உள்ள விகிதங்களும் பின்னச்சில் உள்ள விகிதமும் ஆகும்.

இந்த விகிதங்களை எப்படித் தேர்வு செய்வது என்ற கேள்விக்குக் கார்வெட்டின் வரலாறு ஒரு நல்ல பாடம். தொடக்கத்தில் தொழிற்சாலை கொடுத்ததே விகிதம். பிறகு வாங்குபவர் தேர்வு செய்தார். அதன் பின் பெட்ரோல் தட்டுப்பாடும் அரசின் சட்டங்களும் முடிவு செய்தன. இறுதியில் கியர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதன் மூலம் பொறியாளர்கள் பழைய சிக்கலின் பெரும்பகுதியைத் தீர்த்தார்கள். அந்த வரலாற்றை எளிய கணக்குகளோடு இக்கட்டுரை விளக்குகிறது.

விகிதம் என்றால் என்ன?

கியர் உள்ள சைக்கிளை ஓட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேட்டில் ஏறும்போது மிதியைப் பலமுறை சுற்றுகிறோம்; சக்கரம் சிறிதளவே நகர்கிறது; ஆனால் மிதிப்பது இலகுவாக இருக்கிறது. சமதளத்தில் அதே கியரில் போனால் கால்கள் வேகமாகச் சுழன்று களைத்துவிடும். அங்கே மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் பல சுற்றுச் சுற்றும் கியர் வேண்டும்.

காரில் இந்த வேலை இரண்டு இடங்களில் நடக்கிறது. முதலாவது கியர்பாக்ஸ். இதில் ஓட்டுநர் வேண்டியபோது விகிதத்தை மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது பின்னச்சு. இங்கே பினியன் எனப்படும் சிறிய பற்சக்கரம் கிரவுன் எனப்படும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. இந்த விகிதம் ஓடும்போது மாறாதது. நம் ஊர் லாரிப் பட்டறைகளிலும் "கிரவுன், பினியன்" என்றே இவற்றைச் சொல்வார்கள்.

பினியனில் 9 பற்களும் கிரவுனில் 37 பற்களும் இருந்தால் விகிதம் 37 ÷ 9 = 4.11. பினியன் 4.11 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். பினியனில் 10 பற்கள் என்றால் 3.70, 12 பற்கள் என்றால் 3.08. ஒரு பல் கூடினாலோ குறைந்தாலோ காரின் இயல்பே மாறிவிடுகிறது. விகிதங்கள் முழு எண்ணாக இல்லாமல் 4.11, 3.70 என்று வருவதற்கும் காரணம் உண்டு. 37 ஒரு பகா எண். ஆகவே பினியனின் ஒரு பல், கிரவுனின் எல்லாப் பற்களையும் ஒவ்வொன்றாகச் சந்தித்த பிறகே முதலில் சந்தித்த பல்லுக்குத் திரும்பும். இதனால் பற்கள் எல்லாம் சமமாகத் தேய்கின்றன.

கியர்பாக்ஸ் விகிதத்தையும் பின்னச்சு விகிதத்தையும் பெருக்கினால் கிடைப்பது மொத்த விகிதம். இந்த எண் பெரிதானால் இழுவை கூடும். சிறிதானால் ஓட்டம் கூடும். இரண்டும் ஒன்றையொன்று எதிர்ப்பவை. இக்கட்டுரை முழுவதும் இந்த ஒரு விதி திரும்பத் திரும்ப வரும்.

இரண்டே கியர்களோடு தொடக்கம் (1953–1955)

1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் நடந்த கண்காட்சியில் கார்வெட் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் உற்பத்தி தொடங்கியது. முதல் ஆண்டில் 300 கார்கள் மட்டுமே தயாராயின. கண்ணாடியிழையால் ஆன அதன் உடல் அழகாக இருந்தது. ஆனால் உள்ளே இருந்தவை 150 குதிரைத்திறன் தரும் ஆறு சிலிண்டர் எஞ்சினும், பவர்கிளைட் என்ற இரண்டே கியர் கொண்ட தானியங்கி கியர்பாக்ஸும்தான். அந்த எஞ்சினுக்கு ஏற்ற மேனுவல் கியர்பாக்ஸ் அன்று செவ்ரோலெட்டிடம் கைவசம் இல்லை என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

பவர்கிளைட்டின் கீழ் கியர் விகிதம் 1.82, மேல் கியர் 1.00. பின்னச்சு விகிதம் 3.55. அதாவது புறப்படும்போது மொத்த விகிதம் 1.82 × 3.55 = 6.46 மட்டுமே. டார்க் கன்வெர்ட்டர் புறப்பாட்டில் ஓரளவு கைகொடுத்தது உண்மை. ஆயினும் கீழ் கியரிலிருந்து மேல் கியருக்கு மாறும்போது எஞ்சின் சுற்று ஏறத்தாழப் பாதியாக விழுந்தது. எஞ்சின் முழுத்திறன் தரும் சுற்றில் இருந்தபோது கியர் மாறினால் அந்தத் திறனை இழந்து, மறுபடி கீழிருந்து மெல்ல ஏற வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களில் மூன்று, நான்கு கியர்களைக் கையால் மாற்றிப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருந்தது.

விற்பனையும் படுத்தது. 1954இல் 3,640 கார்கள் தயாராயின. அவற்றில் கணிசமான பகுதி ஆண்டு இறுதியில் விற்காமல் தேங்கியது. 1955இல் வெறும் 700 கார்களே தயாராயின. அதே ஆண்டு போட்டியாளரான ஃபோர்டு நிறுவனத்தின் தண்டர்பேர்டு 16,000க்கு மேல் விற்றது. கார்வெட்டை நிறுத்திவிடலாமா என்ற பேச்சு நிறுவனத்துக்குள் எழுந்தது.

டன்டோவும் நான்காவது கியரும்

நியூயார்க் கண்காட்சியில் கார்வெட்டைப் பார்த்து மனம் பறிகொடுத்தவர்களில் ஒருவர் ஸோரா ஆர்கஸ்-டன்டோவ். 1909இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்த ரஷ்யக் குடும்பத்துப் பொறியாளர் அவர். 1953இல் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தார். போர்ஷே கார் ஓட்டி, லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1954, 1955 ஆகிய இரு ஆண்டுகளிலும் தன் பிரிவில் வெற்றி பெற்றவர் அவர். எனவே கியர் விகிதம் அவருக்குக் காகிதக் கணக்கு மட்டுமல்ல; கையாலும் காலாலும் உணர்ந்த ஒன்று.

1953 டிசம்பரில் அவர் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். கார்களைத் தாமே மாற்றியமைத்து வேகமாக ஓட்டும் அமெரிக்க இளைஞர்கள் எல்லோரும் ஃபோர்டு கார்களையே நாடுகிறார்கள். அவர்களை ஈர்க்க வேண்டுமானால் செவ்ரோலெட்டே அதற்கான உதிரிபாகங்களைத் தயாரித்துத் தர வேண்டும் என்பது அதன் சாரம். பின்னாளில் கார்வெட்டின் ஆர்டர் படிவத்தில் எஞ்சின், கியர்பாக்ஸ், பின்னச்சு என வரிசையாகத் தெரிவுகள் இடம்பெற்றதற்கு இந்தச் சிந்தனையும் ஒரு வித்து.

மாற்றங்கள் படிப்படியாக வந்தன. 1955இல் 195 குதிரைத்திறன் தரும் வி-8 எஞ்சினும், அந்த ஆண்டின் இறுதிப்பகுதியில் மூன்று கியர் மேனுவல் கியர்பாக்ஸும் வந்தன. 1957இல் எரிபொருள் உட்செலுத்தும் அமைப்புடன் 283 குதிரைத்திறன் தரும் எஞ்சின் வந்தது. அதே ஆண்டு வசந்த காலத்தில் போர்க்-வார்னர் நிறுவனத்தின் டி-10 என்ற நான்கு கியர் மேனுவல் கியர்பாக்ஸ் கூடுதல் தெரிவாக அறிமுகமானது.

டி-10 உருவான விதம் சுவையானது. மூன்று கியர் கொண்ட பழைய பெட்டியிலேயே நான்காவது கியரை வைக்க இடம் இல்லை. பொறியாளர்கள் பின்னோக்கிச் செல்லும் ரிவர்ஸ் கியரைப் பெட்டிக்குப் பின்புறம் உள்ள வால் பகுதிக்கு நகர்த்தினார்கள். முன்பக்கம் காலியான இடத்தில் நான்காவது கியர் அமர்ந்தது. அதன் விகிதங்கள் 2.20, 1.66, 1.31, 1.00. ஒரு கியரிலிருந்து அடுத்த கியருக்கு மாறும்போது எஞ்சின் சுற்று நான்கில் ஒரு பங்கு அளவே குறைந்தது. பவர்கிளைட்டில் ஏறத்தாழப் பாதி குறைந்ததை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

48 டாலர் 45 சென்ட் தரும் முடிவு

1957 கார்வெட்டின் அடிப்படை விலை 3,176 டாலர். நான்கு கியர் கியர்பாக்ஸுக்குக் கூடுதலாக 188 டாலர் 30 சென்ட். இரண்டு பின்சக்கரங்களுக்கும் இழுவையைப் பகிர்ந்து தரும் பாசிட்ராக்ஷன் பின்னச்சுக்கு 48 டாலர் 45 சென்ட். இந்தப் பின்னச்சு 3.70, 4.11, 4.56 என்ற மூன்று விகிதங்களில் கிடைத்தது. விலை மூன்றுக்கும் ஒன்றே. விலையில் வேறுபாடு இல்லாததால், வாங்குபவர் தன் தேவையை மட்டுமே நினைத்து முடிவெடுக்க வேண்டும்.

அந்த முடிவு எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அக்கால கார்வெட் டயரின் விட்டம் ஏறத்தாழ 27 அங்குலம். சுற்றளவு ஏறத்தாழ 2.15 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,667 மீட்டர். எனவே சக்கரம் நிமிடத்துக்கு 775 சுற்றுச் சுற்றும். மேல் கியர் 1.00 என்பதால் பின்னச்சு விகிதத்தை மட்டும் பெருக்கினால் போதும். 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் அளவு பின்வருமாறு அமையும்:

3.70 பின்னச்சு: ஏறத்தாழ 2,870 சுற்று
4.11 பின்னச்சு: ஏறத்தாழ 3,190 சுற்று
4.56 பின்னச்சு: ஏறத்தாழ 3,530 சுற்று

அன்றைய அமெரிக்க வார இதழ்களும் மாத இதழ்களும் புதிய கார்களைச் சோதித்து எழுதிவந்தன. ரோட் அண்ட் டிராக் இதழ் 283 குதிரைத்திறன், நான்கு கியர், 4.11 பின்னச்சு கொண்ட 1957 கார்வெட்டைச் சோதித்தது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல், அதாவது 97 கிலோமீட்டர் வேகத்தை அது 5.7 விநாடியில் எட்டியது. அன்றைக்கு இது வியக்கத்தக்க வேகம். ஆனால் அதன் உச்ச வேகம் 132 மைல், அதாவது 212 கிலோமீட்டர். அந்த வேகத்தில் எஞ்சின் சுற்றைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 6,750 வருகிறது. அந்த எஞ்சின் தன் முழுத்திறனைத் தருவது 6,200 சுற்றில். எனவே காரை நிறுத்தியது காற்றின் எதிர்ப்பு அல்ல, கியர் விகிதம்தான். எஞ்சினுக்கு அதற்கு மேல் சுற்ற இடமில்லை.

இதன் மறுபக்கத்தை டன்டோவ் முந்தைய ஆண்டே காட்டியிருந்தார். 1956இன் தொடக்கத்தில் ஃபுளோரிடாவின் டேட்டோனா கடற்கரை மணலில், சிறப்பாக மாற்றியமைத்த ஒரு கார்வெட்டை அவர் மணிக்கு 150 மைலுக்கு மேல், அதாவது 241 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார். 4.11 பின்னச்சோடு அந்த வேகத்தை எட்ட எஞ்சின் 7,700 சுற்று வரை போயிருக்க வேண்டும். எண்ணில் சிறிய விகிதம் இல்லாமல் அந்தச் சாதனை நடந்திருக்காது. கால் மைல் தூரத்துக்குப் பாய்பவருக்கு ஒரு பின்னச்சு, கடற்கரையில் நேராகப் பறப்பவருக்கு வேறொரு பின்னச்சு. இரண்டையும் ஒரே காரில் ஒரே நாளில் அடைய வழி இல்லை.

நெருங்கிய படிகளும் அகன்ற படிகளும்

1963இல் ஸ்டிங் ரே என்ற இரண்டாம் தலைமுறை கார்வெட் வந்தது. அந்த ஆண்டிலேயே டி-10க்குப் பதிலாக ஜெனரல் மோட்டார்ஸின் சொந்தத் தயாரிப்பான மன்சி கியர்பாக்ஸ் இடம்பிடித்தது. இண்டியானா மாநிலத்தின் மன்சி நகரில் தயாரானதால் இந்தப் பெயர். 1966 முதல் இதன் மூன்று வகைகள் கார்வெட் ரசிகர்களிடையே புகழ்பெற்றன.

எம்20 என்பது அகன்ற படிகள் கொண்டது. விகிதங்கள் 2.52, 1.88, 1.46, 1.00. எம்21 என்பது நெருங்கிய படிகள் கொண்டது. விகிதங்கள் 2.20, 1.64, 1.28, 1.00. எம்22 என்பதும் எம்21 விகிதங்களையே கொண்டது. ஆனால் பந்தயச் சுமையைத் தாங்கும்படி அதன் பற்களின் சாய்வுக் கோணம் குறைக்கப்பட்டிருந்தது. சாய்வு குறைந்ததால் சத்தம் கூடியது. அந்தச் சத்தத்துக்காகவே மக்கள் அதற்குக் "கல் நொறுக்கி" என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

அகன்ற படி, நெருங்கிய படி என்பதன் பொருளை ஒரு கணக்கு தெளிவாக்கும். எஞ்சின் 6,000 சுற்றில் இருக்கும்போது மூன்றாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு மாற்றுகிறோம் என்று கொள்வோம். எம்20இல் சுற்று 4,110 ஆகக் குறையும். எம்21இல் 4,690 மட்டுமே ஆகக் குறையும். முதல் இரண்டு மாற்றங்களில் இரு பெட்டிகளுக்கும் ஏறக்குறைய வேறுபாடு இல்லை. வேறுபாடு முழுவதும் இந்த இறுதி மாற்றத்தில்தான் இருக்கிறது. உயர்ந்த சுற்றில் மட்டுமே திறன் தரும் பந்தய எஞ்சினுக்கு அந்த 580 சுற்று உயிர்நாடி. தாழ்ந்த சுற்றிலேயே நன்றாக இழுக்கும் சாதாரண எஞ்சினுக்கு அது பொருட்டே அல்ல.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எம்21இன் முதல் கியர் 2.20 மட்டுமே. இதை 3.08 பின்னச்சோடு சேர்த்தால் மொத்த விகிதம் 6.78, புறப்படும்போது கிளட்ச் எரியும் அளவுக்கு நழுவ விட வேண்டியிருக்கும். ஆகவே எம்21ஐத் தேர்ந்தெடுப்பவர் 3.70, 4.11 போன்ற பெரிய எண் கொண்ட பின்னச்சையும் தேர்ந்தெடுப்பதே பொருத்தம். 3.08, 3.36 போன்ற பின்னச்சை விரும்புபவருக்கு எம்20 ஏற்றது. கியர்பாக்ஸையும் பின்னச்சையும் தனித்தனியாகத் தேர்வு செய்யக் கூடாது. இரண்டும் ஒரு குடும்பம்.

1963 ஆர்டர் படிவத்தில் 3.08 விகிதம் கொண்ட சிறப்பு நெடுஞ்சாலைப் பின்னச்சு என்ற ஒரு தெரிவும் இருந்தது. விலை 2 டாலர் 20 சென்ட் மட்டுமே. 4.56 பின்னச்சோடு ஒப்பிட்டால், 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,100 சுற்றுக்கு மேல் குறைவாகச் சுற்றும். அமெரிக்காவின் புதிய மாநிலங்களுக்கிடையேயான நெடுஞ்சாலைகளில் நாள் முழுவதும் ஓட்டுபவருக்கு இதைவிட மலிவான வசதி வேறொன்று இருந்திருக்க முடியாது.

லெ மானில் ஒரு பாடம்

1967இல் எல்88 என்ற பந்தய எஞ்சினோடு 20 கார்வெட்டுகள் மட்டும் தயாராயின. எல்லாவற்றிலும் எம்22 கியர்பாக்ஸே பொருத்தப்பட்டது. அவற்றில் ஒன்றை டிக் கல்ட்ஸ்ட்ராண்டும் பாப் பாண்டுரன்டும் அந்த ஆண்டு லெ மான் பந்தயத்தில் ஓட்டினார்கள். அங்கே மல்சான் என்ற, ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளமுள்ள நேர்ச்சாலை உண்டு. அதில் அந்தக் கார் மணிக்கு 171 மைல், அதாவது 275 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது.

முன்பு கண்ட அதே டயர் அளவைக் கொண்டு கணக்கிட்டால், 4.11 பின்னச்சோடு இந்த வேகத்துக்கு 8,700 சுற்றுக்கு மேல் தேவை. 7 லிட்டர் கொள்ளளவு கொண்ட அந்தப் பெரிய எஞ்சின் அதைத் தாங்காது. எனவே அமெரிக்கச் சாலைகளில் கால் மைல் பந்தயம் ஓட்டுபவர் பார்த்தால் சிரிக்கும் அளவுக்குச் சிறிய எண் கொண்ட பின்னச்சே அங்கு பொருந்தும். அந்தக் கார் பந்தயத்தின் பாதி வரை தன் பிரிவில் சிறப்பாக ஓடியது. பிறகு எஞ்சின் உடைந்து விலகியது. சரியான விகிதம் உச்ச வேகத்தைத் தரும். ஆனால் அந்த வேகத்தில் எஞ்சினை மணிக்கணக்கில் உழைக்க வைப்பது வேறு சோதனை என்பதையும் அந்தப் பந்தயம் காட்டியது.

பெட்ரோல் தட்டுப்பாடு எடுத்த முடிவு

1973 அக்டோபரில் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடை அமெரிக்காவை உலுக்கியது. 1974 ஜனவரியில் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல், அதாவது 89 கிலோமீட்டர் என்ற வேக வரம்புச் சட்டம் கையெழுத்தானது. 1975இல் இயற்றப்பட்ட சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் தன் கார்களின் சராசரி மைலேஜை உயர்த்த வேண்டியதாயிற்று. 1978இல் ஒரு காலனுக்கு 18 மைல் என்று தொடங்கிய இந்த அளவு, 1985இல் 27.5 மைல் ஆனது. அதிகப் பெட்ரோல் குடிக்கும் கார்களுக்குத் தனி வரியும் 1980 முதல் வந்தது.

புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் எஞ்சின்களும் மெலிந்தன. 1975இல் கார்வெட்டின் அடிப்படை எஞ்சின் தந்தது 165 குதிரைத்திறன் மட்டுமே. திறன் குறைந்த எஞ்சினுக்கு இழுவை தர எண்ணில் பெரிய பின்னச்சு வேண்டும். பெட்ரோலை மிச்சப்படுத்தவோ எண்ணில் சிறிய பின்னச்சு வேண்டும். சட்டம் இரண்டாவதன் பக்கம் நின்றது. 4.11, 4.56 போன்ற பின்னச்சுகள் 1970களின் நடுப்பகுதிக்குள் ஆர்டர் படிவத்திலிருந்து மறைந்துவிட்டன. 1982 கார்வெட்டில் மேனுவல் கியர்பாக்ஸே கிடையாது. ஓட்டுநரின் கையிலிருந்த முடிவு அவரை விட்டுப் போய்விட்டது போலத் தோன்றியது.

ஆனால் விடை அந்த 1982 காரிலேயே ஒளிந்திருந்தது. அதன் தானியங்கி கியர்பாக்ஸில் முதல் கியர் 3.06, நான்காவது கியர் 0.70. ஒன்றுக்குக் கீழே உள்ள இத்தகைய கியரை ஓவர்டிரைவ் என்பார்கள். இதில் எஞ்சின் சுற்றுவதைவிட வேகமாக, பின்னச்சுக்குச் செல்லும் தண்டு சுற்றும். பின்னச்சை மாற்றாமலேயே நெடுஞ்சாலைக்கு ஒரு தனி விகிதம் கிடைத்துவிட்டது.

ஆறு கியர்கள் தந்த விடுதலை

1984இல் நான்காம் தலைமுறை கார்வெட்டில் மேனுவல் கியர்பாக்ஸ் திரும்பி வந்தது. நான்கு கியர் பெட்டியின் பின்னால் தனியாக ஓர் ஓவர்டிரைவ் பொருத்தி, மேல் மூன்று கியர்களிலும் அது வேலை செய்யும்படி அமைத்திருந்தார்கள். எனவே இதற்கு "நான்கு கூட்டல் மூன்று" என்று பெயர். முதல் கியர் 2.88, ஓவர்டிரைவ் 0.67. கணக்கில் இது அருமையான யோசனை. ஓட்டுவதற்கோ சிக்கலானது, பலருக்குப் பிடிக்கவில்லை.

1989இல் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனத்தின் ஆறு கியர் மேனுவல் கியர்பாக்ஸ் அதன் இடத்தைப் பிடித்தது. முதல் கியர் 2.68, நான்காவது 1.00, ஐந்தாவது 0.75, ஆறாவது 0.50. பின்னச்சு 3.33. இப்போது 1957 காரோடு இதை ஒப்பிடுவோம்.

1957 காரில் முதல் கியரின் மொத்த விகிதம் 2.20 × 4.11 = 9.04. மேல் கியரில் 4.11.
1989 காரில் முதல் கியரின் மொத்த விகிதம் 2.68 × 3.33 = 8.92. மேல் கியரில் 1.67.

புறப்படும்போது இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே இழுவைப் பெருக்கம். நெடுஞ்சாலையிலோ புதிய கார் பழையதைவிடப் பாதிக்கும் குறைந்த மொத்த விகிதத்தில் ஓடுகிறது. டன்டோவ் காலத்தில் ஒன்றை விட்டால்தான் மற்றொன்று கிடைக்கும் என்றிருந்த நிலை பெருமளவு மாறிவிட்டது.

1990இல் வந்த இசட்.ஆர்.-1 என்ற உயர்திறன் கார்வெட் இன்னொரு நுட்பத்தைக் காட்டியது. அதன் எஞ்சின் 375 குதிரைத்திறன் தந்தது. முழுத்திறன் கிடைத்தது ஏறத்தாழ 6,000 சுற்றில். பின்னச்சு 3.45. அதன் பின்டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.05 மீட்டர். மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாம் கியரில் எஞ்சின் சுற்று ஏறத்தாழ 5,900 ஆகிறது. அதாவது எஞ்சின் முழுத்திறன் தரும் சுற்றும் காரின் உச்ச வேகமும் ஐந்தாம் கியரில் ஒன்றாகச் சந்திக்கின்றன. ஆறாவது கியர் வேகத்துக்கானது அல்ல. 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சினை வெறும் 1,400 சுற்றில் ஓய்வாக ஓட விடுவதற்கானது. வேகத்துக்கு ஒரு மேல் கியர், சிக்கனத்துக்கு வேறொரு மேல் கியர்.

ஆயினும் சட்டத்தின் நிழல் முற்றிலும் விலகவில்லை. ஓட்டுநர் மெதுவாக ஓட்டும்போது முதல் கியரிலிருந்து இரண்டாம் கியருக்குப் போக முயன்றால், ஒரு மின்காந்தப் பூட்டு அந்த வழியை அடைத்து நேராக நான்காம் கியருக்குத் தள்ளியது. பெட்ரோல் சோதனையில் நல்ல அளவு காட்டி, தனி வரியிலிருந்து தப்புவதற்கான ஏற்பாடு இது. அழுத்தி ஓட்டினால் பூட்டு விலகிவிடும். வரியிலிருந்து கார் தப்பியது, ஓட்டுநர்களோ முணுமுணுத்தார்கள்.

அண்மைக் காலம்

1997இல் ஐந்தாம் தலைமுறை கார்வெட்டில் கியர்பாக்ஸ் எஞ்சினை விட்டுப் பிரிந்து பின்னச்சோடு சேர்ந்தது. முன்பின் எடை சமப்படுவதற்காக இந்த ஏற்பாடு. அதன் ஆறு கியர் மேனுவலில் முதல் கியர் 2.66, ஆறாவது 0.50, பின்னச்சு 3.42. 2001இல் வந்த இசட்06 என்ற பந்தயச் சாயல் கொண்ட வகையிலும் பின்னச்சு அதே 3.42தான். ஆனால் கியர்பாக்ஸின் முதல் கியர் 2.97, இரண்டாவது 2.07, ஐந்தாவது 0.84 என்று இறுக்கப்பட்டன. முன்பு பின்னச்சை மாற்றிச் செய்த வேலையை இப்போது கியர்பாக்ஸுக்குள் செய்தார்கள்.

2014இல் ஏழு கியர் மேனுவல் வந்தது. 2020இல் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் இடம்பெயர்ந்த எட்டாம் தலைமுறையில் மேனுவல் கியர்பாக்ஸ் கைவிடப்பட்டது. இரட்டைக் கிளட்ச் கொண்ட எட்டு கியர் பெட்டி வந்தது. அதன் முதல் கியர் 2.91, எட்டாவது 0.33. இறுதி விகிதம் சாதாரணக் காருக்கு 4.89, இசட்51 என்ற விளையாட்டுத் தொகுப்பு வாங்குபவருக்கு 5.17. டன்டோவ் காலத்து 4.56ஐவிடவும் பெரிய எண் இது. எட்டாவது கியர் அவ்வளவு சிறியதாக இருப்பதால்தான் இத்தனை பெரிய எண்ணைத் துணிந்து வைக்க முடிந்தது.

மொத்த விகிதங்களை ஒரே பார்வையில் காண:

1953, இரண்டு கியர்: முதல் கியரில் 6.46, மேல் கியரில் 3.55
1957, நான்கு கியர், 4.11 பின்னச்சு: 9.04, 4.11
1989, ஆறு கியர்: 8.92, 1.67
1997, ஆறு கியர்: 9.10, 1.71
2020, எட்டு கியர், இசட்51: ஏறத்தாழ 15, 1.70

வரலாறு கற்பிக்கும் தேர்வு முறை

இந்த எழுபது ஆண்டு அனுபவத்திலிருந்து, ஒரு வேகமான காருக்கு விகிதம் தேர்வு செய்யும் முறையைத் தொகுத்துக் கூறலாம்.

முதலில், கார் எங்கே ஓடப்போகிறது என்பதை முடிவு செய்ய வேண்டும். கால் மைல் பந்தயம், வளைவுகள் நிறைந்த பந்தயத் தடம், நெடுஞ்சாலை என ஒவ்வொன்றும் வேறு விடை கேட்கும்.

இரண்டாவதாக, டயரின் சுற்றளவை அளக்க வேண்டும். சிறிய டயர் போடுவது எண்ணில் பெரிய பின்னச்சு போடுவதற்குச் சமம். டயர் அளவை மாற்றியவுடன் பழைய கணக்கு செல்லாது.

மூன்றாவதாக, எஞ்சின் முழுத்திறன் தரும் சுற்றும் காற்றை எதிர்த்துக் கார் அடையக்கூடிய உச்ச வேகமும் எந்தக் கியரில் சந்திக்கின்றன என்று பார்க்க வேண்டும். 1957 காரைப் போல அதற்கு முன்பே எஞ்சின் சுற்று தீர்ந்துவிட்டால் திறன் வீண். சந்திக்கும் இடம் எட்டாத தொலைவில் இருந்தாலும் வீண்.

நான்காவதாக, முதல் கியரின் மொத்த விகிதம் கார் புறப்படப் போதுமானதா என்று பார்க்க வேண்டும். கார்வெட்டின் மேனுவல் பெட்டிகளில் இது பல பத்தாண்டுகளாக 9ஐ ஒட்டியே இருந்துவந்திருக்கிறது. இதற்கு மேல் மிக அதிகமானால் டயர் வழுக்குமே தவிர கார் பாயாது.

ஐந்தாவதாக, கியருக்குக் கியர் எஞ்சின் சுற்று எவ்வளவு விழுகிறது என்று கணக்கிட வேண்டும். விழுந்த பிறகும் எஞ்சின் நன்றாக இழுக்கும் எல்லைக்குள் இருக்க வேண்டும்.

முடிவுரை

1955இல் நின்றுபோகும் நிலையில் இருந்த கார்வெட்டைக் காப்பாற்றியது வி-8 எஞ்சின் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த எஞ்சினின் திறன் சாலைக்கு வந்து சேர நான்காவது கியரும், விரும்பியபடி தேர்ந்தெடுக்கக்கூடிய பின்னச்சும் தேவைப்பட்டன. 1957இல் உற்பத்தி 6,339 ஆக உயர்ந்தது. திறனை உண்டாக்குவது வேறு, அதைப் பயன்படும் இடத்தில் பயன்படும் அளவில் தருவது வேறு என்பதைக் கார்வெட்டின் வரலாறு தெளிவாக்குகிறது.

கியர்களின் எண்ணிக்கை இரண்டிலிருந்து எட்டாக உயர்ந்தபோது இழுவைக்கும் ஓட்டத்துக்கும் இடையே இருந்த சண்டை தணிந்தது. ஆனால் அது மறையவில்லை. 2020 காரை வாங்கியவரும் 4.89, 5.17 என்ற இரண்டு எண்களுக்கு இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. மாணவர்கள் விகிதக் கணக்கைப் பாடநூலில் படிக்கும்போது அது வெறும் பெருக்கல், வகுத்தலாகத் தோன்றலாம். ஒரு பினியனில் ஒரு பல் கூடுவதும் குறைவதும் ஒரு காரின் பாய்ச்சலையும், அது குடிக்கும் பெட்ரோலையும், அதன் உரிமையாளர் செலுத்தும் வரியையும் கூட மாற்றவல்லது என்பதை நினைவில் கொண்டால், அந்தக் கணக்கின் மதிப்பு விளங்கும்.